சிரிக்கிற ஷாட்

எறும்புதான். மாலையிலிருந்து இறங்கியிருக்கிறது. சாமந்திக்குள் ஒளிந்திருந்து இப்போதுதான் வெளியே வந்து, என் கழுத்துக் குழியில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போகலாம் என்று பார்க்கிறது. கீழே போ. ரவிக்கைக்குள் போனாலும் சரி, மேலே வராதே, காதுப் பக்கம் மட்டும் வராதே, நான் செத்துக் கிடக்கிறேன், ஆட முடியாது. கோரைப்பாய் முதுகில் வரிவரியாக அழுந்துகிறது. தாடையைத் தூக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருக்கிற வேட்டித் துணி காது மடலை அறுக்கிறது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியவன் நிஜப் பிணத்தைக் கட்டுகிற மாதிரி இறுக்கிவிட்டான், விரல் மரத்துப்போய் யாருடையதோ மாதிரி கிடக்கிறது. நெற்றியில் ஒட்டிய காசு மட்டும் குளிர்ச்சி, அதுவும் கொஞ்ச நேரந்தான், மேலே பலகையில் நடந்து நடந்து விளக்குகளை ஒவ்வொன்றாக என் பக்கம் திருப்புகிறார்கள், மூடிய இமைக்குள் சிவப்பு ஏறிக்கொண்டே வருகிறது. பொணத்தை இடப்பக்கம் தள்ளுப்பா என்று டைரக்டர் வைகுந்தம் நாற்காலியில் இருந்தபடியே சொல்கிறார். உதவி டைரக்டர் நாகு என்னைப் பாயோடு இழுக்கிறான். காலையிலிருந்து பொணந்தான். பொணத்துக்குக் காபி குடுத்தாச்சா, பொணத்துக்கு மஞ்சள் போதல, பொணம் வளையலைக் கழட்டச் சொல்லு. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, ரூபலேகா என்கிற என் சினிமாப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேருக்குச் சிரிப்பு வரும். பிலோமினா என்று கூப்பிடத் தெரிந்தவர் இந்தத் தளத்தில் ஒருவர்தான், கேமராமேன் மாசிலாமணி, அவர் காலையில் என்னைப் பார்த்ததும் லென்ஸைத் துடைக்கக் குனிந்துகொண்டார், இன்னும் நிமிரவில்லை.

இருக்கட்டும். சிரிக்கிற ஷாட்டுக்கு நிமிர்ந்துதானே ஆகவேண்டும். அதற்காகத்தானே வந்தேன். இந்தக் கோடம்பாக்கத்தில் செத்தவராக நடித்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடமாட்டார்கள். ஷாட் முடிந்ததும் எழுந்து உட்காரவைத்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரி சிரிக்கச் சொல்லி, அதையும் பிலிமில் பிடிப்பார்கள். அப்போதுதான் தோஷம் கழியும். இல்லாவிட்டால் நடித்தவருக்கு ஆகாது, பக்கத்தில் அழுதவருக்கு ஆகாது, படத்துக்கே ஆகாது. அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் பார்ப்பார். இந்தப் படத்தின் முதலாளி, அன்றன்றைக்கு எடுத்ததைச் சாயங்காலம் தியேட்டரில் ஓட்டச் சொல்லி, வெற்றிலையை மென்றுகொண்டு ஒரு அடி பிலிம்கூட விடாமல் பார்ப்பார், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருடைய அடுத்த படத்துக்கு ஒரு அத்தை வேண்டும். குடும்பத்தைப் பிரிக்கிற அத்தை, நாக்கில் நெருப்பு வைத்துக்கொண்டு பேசுகிற அத்தை, பக்கம் பக்கமாக வசனம். இருட்டுக்குள் அவருக்கு எதிரே அத்தனை பெரிய திரையில் என் முகம் மட்டும் வரும். சிரிக்கும். எப்படிச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும், வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருக்கிறேன், முதலில் கண் சிரிக்கும், அப்புறம் உதட்டின் இடதுகோடி மட்டும் தூக்கும், பல் கடைசியில்தான். மாமியார் மெச்சுகிற மருமகளுக்கு வயிற்றைக் கலக்குகிற சிரிப்பு. நாகு வீட்டுக்கு வந்து, வசனம் கிடையாதுக்கா, படுத்திருந்தாப் போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சிரிக்கிற ஷாட் எடுப்பீர்கள் அல்லவா. எனக்குச் சாவு பயம் என்று நினைத்துக்கொண்டான். கண்டிப்பா எடுப்போம்க்கா, நான் பொறுப்பு என்றான். பயந்தாங்கொள்ளி முகம் அவனுக்கு, பொறுப்பு ஏற்கிறவன் முகமா அது.

எறும்பு நகர்கிறது. மேலேதான் வருகிறது, சனியன். பழைய நாள் நினைவு வந்தால் உடம்பு தானாக உறைந்துவிடும், அதை நினைத்துக்கொள் பிலோமி. மவுண்ட் ரோட்டில் அந்தப் போட்டோ ஸ்டூடியோ, மாடிப்படி ஏறினால் மருந்து வாசனை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அக்கா எமல்டாவைப் படம் எடுக்கப் போனோம், பெரம்பூரிலிருந்து, அப்பா ரயில்வே பட்டறைச் சட்டையோடு. எடுத்த படத்திலெல்லாம் அக்கா ஆடி ஆடி இரண்டு மூக்கோடு விழுந்தாள். மாசிலாமணி அப்போது மீசை முளைத்த புதுசு, கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, கூட நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பொண்ணு கண்ணே சிமிட்டலியே சார் என்றார் அப்பாவிடம். அதுதான், அது ஒன்றுதான் எனக்கு வரும். சோப்புக்கு நின்றேன், கூந்தல் தைலத்துக்கு நின்றேன், காப்பித்தூளுக்கு டம்ளரைத் தூக்கி உதட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு விரல் இடம்விட்டு அரைநாள் நின்றேன், காப்பி ஆடை கட்டிப்போனது, நான் ஆடவில்லை. அப்புறம் சிவகாசிக் காலண்டருக்கு மகாலட்சுமி. கார்டுபோர்டுத் தாமரை மேலே, கையில் காசு கொட்டுகிற மாதிரி. பெரம்பூர் வேதக்காரப் பெண் மகாலட்சுமியாக நின்றாள், தேசத்தில் பாதி வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டிக் குங்குமம் வைத்தார்கள். அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாதா கோயில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட வைத்தாள். சாமியார் என்ன பாவம் என்று கேட்டார், அசையாமல் நின்றேன் சாமி என்றேன். அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள், பேய் விக்கிரகமா வேசம் போட்டே பாரு, அதாண்டி உன் வாய் பூட்டிக்கிச்சு. சினிமாவில் என் வாய் பூட்டிக்கொண்டதற்கு அவளுக்குக் கிடைத்த காரணம் அது. அவளுக்கோ கடைசியில் வாய் மூடவில்லை, ரயில்வே ஆஸ்பத்திரிக் கட்டிலில் திறந்தபடியே இருந்தது, இந்த மாதிரித் துணியால் நான்தான் இழுத்துக் கட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே இழுத்தேன்.

கொலுசுச் சத்தம். வந்துவிட்டாள். நளினகுமாரி. அவளுக்கு முன்னால் அவளுடைய செண்டு வருகிறது, ஊதுபத்திப் புகையை ஒதுக்கிவிட்டு. எனக்கு மகள் வேஷம். அவள் வயசுக்கு நான் அம்மா என்றால் பள்ளிக்கூடப் பாவாடையிலேயே பெற்றிருக்கவேண்டும், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. என் தலைமாட்டில் உட்காருகிறாள், பட்டுப்புடவை சரசரக்கிறது. குனிந்து மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற அளவுக்கு மெதுவாக, பேசுகிறாள்.

“எங்க வீட்டுப் பூஜை ரூம்ல இன்னும் உங்க படந்தாங்க்கா. அம்மா தினம் விளக்கேத்திக் கும்பிடுவாங்க. இன்னிக்கு உங்களைத்தான் பாடையில போடறோம்னு நான் அவங்ககிட்டச் சொல்லவே இல்ல.”

யாரோ மூக்கால் சிரிக்கிறார்கள். தேனில் நனைத்த ஊசி, நல்லதுதான், குத்தத் தெரிந்தவளுக்குத்தான் வசனம் கிடைக்கிறது. எனக்கும் பதில் இருக்கிறது, நாக்கு நுனியில் இருக்கிறது, உன் அம்மா கும்பிட்டது என்னைத்தான், நீ அந்த அறையில் துணி மாற்றும்போதெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. தாடை கட்டியிருக்கிறது. தாடை கட்டாத காலத்தில் மட்டும் பேசினேனா. எனக்கு எல்லாப் பதிலும் ஆள் போன பிறகுதான் வரும், படிக்கட்டில் இறங்கும்போது, ரிக்‌ஷாவில், பல் துலக்கும்போது. கேமராவுக்கு முன்னால் வந்ததே இல்லை. முதல் படத்தில் நான்தான் கதாநாயகி. எவனோ படமுதலாளி சலூனில் முகம் மழிக்கும்போது சுவரில் என் காலண்டரைப் பார்த்து, சோப்பு நுரையோடு எழுந்து, இந்தப் பொண்ணைப் பிடிங்கடா என்றானாம். பிடித்தார்கள். வசனத்தைப் பெரம்பூர்த் தமிழில் சொன்னேன், திரையில் வேறு யாரோ கும்பகோணத்துக்காரி குரலில் அழுதேன். நட என்றால் நடந்தேன், திரும்பு என்றால் திரும்பினேன், திரும்பி முடித்ததும் அப்படியே நின்றுவிடுவேன், அடுத்த ஆள் பேசும்போது என்ன செய்வது என்று தெரியாது, போட்டோ எடுக்கிறவன் சரி என்று சொல்வதற்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருப்பேன். புதுமுகம் ரூபலேகாவைச் சுவரில் மாட்டியிருந்தால் இன்னும் நன்றாக நடித்திருப்பார் என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். அந்த ஒரு வரி போதும் என்றாகிவிட்டது, அதற்கப்புறம் செட்டுக்குள் நுழைந்தால் யாராவது ஆணி இருக்கா என்று கேட்பார்கள். சுத்தியல் எங்கேப்பா. நானும் சிரித்துவைப்பேன். மூன்றாவது படத்தோடு தோழியானேன், தோழிக்குப் பின்னால் நிற்கிற தோழியானேன், கல்யாணக் காட்சியில் தட்டு ஏந்துகிறவள் ஆனேன். இறங்குகிற படி எல்லாம் வழவழவென்று இருந்தது, ஒன்றில்கூடக் கால் தடுக்கவில்லை. நடுவில் அந்தத் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர், பட்டாபிராமில் வீடு பார்த்துக் குடிவைத்தார், வாரத்தில் ஒருநாள் வருவார், நாற்காலியில் என்னை லட்சுமி மாதிரி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார், தொடமாட்டார், கண்ணில் நீர் வடியும். ஒருநாள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அதோடு சரி.

சைலன்ஸ் என்கிறார்கள். காற்றாடி நிற்கிறது. மோட்டார் சத்தம், கட்டை அறைகிற சத்தம், நளினகுமாரி என் மார்பில் விழுகிறாள், முழங்கை சரியாக வயிற்றுக்குழியில். என்னை விட்டுட்டுப் போயிட்டியேம்மா. அவள் மூச்சு வெற்றிலையும் ஏலக்காயும். அரிசியை எடுத்து என் உதட்டில் போடுகிறாள், ஒன்றிரண்டு பல்லிடுக்கில் இறங்குகிறது, நாக்கில் ஒட்டுகிறது, எச்சில் சுரக்கிறது, முழுங்காதே, முழுங்காதே, எறும்பு காதோரத்தில் நிற்கிறது, எச்சில் தொண்டைக்கு வந்துவிட்டது. தொண்டை ஏறி இறங்குகிறது. கட். வைகுந்தம் மெதுவாகத்தான் பேசுவார், கத்துகிற ஆள் இல்லை. பொணம் எச்சில் முழுங்குதே நாகு, பசிக்குதோ என்னவோ, கேளு. தளம் முழுக்கச் சிரிப்பு, மேலே பலகையில்கூட. சிரியுங்கள். எனக்கும் ஒரு சிரிப்பு இருக்கிறது, அதை எடுத்துக்காட்டும்போது நீங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்பீர்கள். அடுத்த தடவை நளினகுமாரிக்குப் புதிதாக ஒன்று தோன்றிவிட்டது. எழுந்திரும்மா என்று கன்னத்தில் அறைகிறாள். தட்டவில்லை, அறைகிறாள், மோதிரம் கன்ன எலும்பில் படுகிறது. வைகுந்தத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடடா, அதை வெச்சுக்கம்மா, இன்னும் கொஞ்சம் ஓங்கி, பொணத்துக்கு என்ன வலிக்கவா போவுது. மறுபடியும். கிட்டத்திலிருந்து மறுபடியும். பக்கவாட்டிலிருந்து மறுபடியும். ஒவ்வொரு அறைக்கும் இமைக்குள் பூ மாதிரி ஒன்று வெடிக்கிறது. நான் ஆடவில்லை. நடுவில் எறும்பு கடித்தது, காதுக்குப் பின்னால், அப்போதும் ஆடவில்லை. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, மூச்சு இருக்கிறதா என்று உள்ளே தேடினேன், எங்கோ தூரத்தில் வேறு யாரோ விடுகிற மாதிரி இருந்தது, பயமாக இருந்தது, சேசுவே, இப்படியே இருந்துவிட்டால் யாராவது கவனிப்பார்களா, விளக்கை அணைத்துவிட்டுப் பாயைச் சுருட்டும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். அத்தை, அத்தை வேஷம், அதை நினை. பட்டுப்புடவை, சாவிக்கொத்து, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, ஏண்டி, உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று என் குரலில், என் சொந்தப் பெரம்பூர்க் குரலில். அப்புறம் அந்தச் சிரிப்பு.

ஓகே என்கிறார்கள். காற்றாடி சுற்றுகிறது. எழுந்திருக்கப் போனேன், நாகு தோளை அழுத்தினான், இருங்கக்கா, மேடத்துக்கு ஒரு குளோசப். என்னைப் பக்கத்தில் தள்ளிக் கிடக்கவைத்து, என் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தலையணையை வைத்துவிட்டு, அவள் முகத்தை மட்டும் எடுத்தார்கள். அது சரியில்லை என்று அவளே சொன்னாள், இன்னொரு தடவை. இன்னும் ஒன்று. பிலிம் கிடைக்கிற காலமா இது, மாசிலாமணி ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டுவது கேட்டது. கடைசியில் வைகுந்தம் எழுந்து சோம்பல் முறித்தார், சாப்பாட்டுக்கு விடலாம் என்றார். நாற்காலிகள் நகர்கிற சத்தம். தாடைத் துணியை நானே அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் திறக்க வலித்தது. திறந்து மூடிப் பார்த்தேன், உதட்டின் இடதுகோடியைத் தூக்கிப் பார்த்தேன், வந்தது, இருக்கிறது. நாகு நல்லவன், மறக்கவில்லை, சார், சிரிக்கிற ஷாட் என்று ஞாபகப்படுத்தினான். வைகுந்தம் வாசலுக்குப் போய்க்கொண்டே கையை ஆட்டினார். ஆமா, எடுத்துடுப்பா, பாவம்.

மாசிலாமணி கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார். பிலிம் பெட்டியைக் கழற்றியாகிவிட்டது. கேமராவின் தலைமேல் இரண்டு காது மாதிரி நிற்குமே, அந்தப் பெட்டி, அது இல்லை, மொட்டைத்தலையாக நிற்கிறது கேமரா. பெட்டி பக்கத்து ஸ்டூல் மேல் கிடக்கிறது, கறுப்புப் பையில் பாதி நுழைத்தபடி. நான் அதைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். வைகுந்தத்தைத் திரும்பிப் பார்த்தார், வைகுந்தம் கண்ணைக் காட்டினார், சும்மா ஓட்டு என்று. மோட்டார் ஓடுகிறது. ஸ்டார்ட் என்று நாகு முறையாகச் சொல்கிறான். சிரிங்கக்கா, அழகா சிரிங்க. மாசிலாமணி கண்ணாடிக்குள் கண் வைக்கவே இல்லை, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார். சாயங்காலம் முதலாளி வெற்றிலை மெல்லுவார். திரையில் அழுகிற நளினகுமாரி முடிந்ததும் வெள்ளை வரும். விளக்குப் போடுவார்கள். எழுந்து போவார். அத்தைக்கு வேறு யாரையாவது பிடிப்பார்கள்.

நான் படுத்துக்கொண்டேன். தாடைத் துணி கையில் இருந்தது, அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பாயில் தலையை நேராக வைத்து, கண்ணை மட்டும் திறந்துகொண்டேன். அக்கா, சிரிங்கக்கா என்றான் நாகு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிக்கமாட்டேன். தோஷம் முதலில் விழுவது என் மேல்தான், தெரியும். விழட்டும், பெரிதாக எதைக் கொண்டுபோய்விடப் போகிறது. மேலே பலகையில் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எல்லோருக்கும் உள்ளுக்குள் கணக்குப் போகிறது, இப்படிச் சிரிக்காமல் போன எவனோ ஒருவன், அவனைக் கட்டிக்கொண்டு அழுத எவளோ ஒருத்தி, பாதியில் நின்ற எந்தப் படமோ, ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். வாசல்வரை போன வைகுந்தம் திரும்பி வருகிறார். என்ன விளையாட்டு இது என்கிறார், அவர் குரல் இப்போதும் மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் முடிவில் உடைகிறது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொலுசு ஓடிவருகிறது. நளினகுமாரி என் பக்கத்தில் மண்டியிடுகிறாள். அவள்தான் என் மார்பில் விழுந்து அழுதவள், என் கன்னத்தில் கை வைத்தவள், அடுத்த மாதம் கல்யாணமும் வைத்திருக்கிறாள் என்று மேக்கப் அறையில் பேசிக்கொண்டார்கள். முகத்தில் பவுடருக்கு அடியில் வேர்த்துவிட்டது.

“அக்கா, உங்க கால்ல வேணா விழறேன், சிரிச்சிடுங்கக்கா.”

விழு என்று சொல்ல எனக்கு இப்போதுதான் நேரத்தோடு வருகிறது, ஆனால் சொல்லவில்லை, சொன்னால் உதடு ஆடும். பெட்டியை மாட்டுய்யா என்று வைகுந்தம் மாசிலாமணியைப் பார்த்துக் கத்துகிறார். மாட்டுகிறார்கள், பிலிமைச் சக்கரத்தில் ஏற்ற நேரமாகிறது. விளக்கை மறுபடியும் என் பக்கம் திருப்புகிறார்கள், எல்லா விளக்கையும். இப்போது மாசிலாமணி குனிந்து கண் வைக்கிறார். ஓடுகிறது. நிஜமாக ஓடுகிறது. சிரிங்கம்மா என்கிறார் வைகுந்தம், அம்மா என்கிறார், நளினகுமாரி கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ முணுமுணுக்கிறாள், நாகு தன் வாயை விரல்களால் இழுத்துக் காட்டுகிறான், குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. சிரிப்பு உதட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது, சுத்தமாக, பழகிவைத்தது பழகிவைத்தபடி, ஒரு நூல் இழுத்தால் வந்துவிடும். அத்தையும் வந்துவிடுவாள், சாவிக்கொத்தும், பக்கம் பக்கமாக வசனமும். இவர்கள் முகங்களைப் பார்க்கிறேன். இப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை, காலண்டரில்கூட. நான் இழுக்கவில்லை. பிலிம் ஓடி ஓடித் தீர்ந்து, வால் படபடவென்று அடிக்கிற வரைக்கும் கேமராவின் கண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ராத்திரிக்குள் முதலாளி இதைப் பார்ப்பார். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்பார், யார் இந்தப் பொம்பளை, இனிமே நம்ம கம்பெனி வாசப்படி ஏறக் கூடாது என்பார். சரி.

மாசிலாமணி மோட்டாரை நிறுத்தினார். போதும் பிலோமி, எழுந்திரு என்றார். எழுந்தேன். கால்கட்டை அவிழ்க்க ஒருவரும் கிட்ட வரவில்லை, நானே அவிழ்த்துக்கொண்டேன். பல்லிடுக்கிலிருந்த அரிசியைத் துப்பினேன். சாப்பாடு எங்கே போடுகிறார்கள் என்று கேட்டேன், நாகு கையைக் காட்டினான். தளத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பந்தி. மஞ்சளும் நெற்றிக் காசுமாக நடுவில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது, உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். பரிமாறுகிறவன் தூரத்தில் நின்றுகொண்டே கையை நீட்டிச் சாம்பாரை ஊற்றுகிறான், பாதி மண்ணில் விழுகிறது. முருங்கைக்காய்ச் சாம்பார், நல்ல சூடு. இன்னும் கொஞ்சம் ஊற்று என்கிறேன். ஊற்றுகிறான்.